வெள்ளத்தை அளக்கிறோம், கோபத்தை அளக்க முடியுமா?

திருவட்டாற்றைச் சுற்றி இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் பரளியாறு, மறுபக்கம் கோதையாறு. இரண்டும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகச் சென்று தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. மழை வலுத்துவிட்டால் இவ்வூர்ப் பெரியவர்கள் காலையில் நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். கோதையாற்றின் மேலே பேச்சிப்பாறை அணை. அதன் முழு உயரம் 48 அடி. பரளியாற்றின் மேலே பெருஞ்சாணி. அதற்கு 77 அடி. பத்திரிகையில் வரும் எண் இந்த அளவை நெருங்க நெருங்க, ஆற்றங்கரையில் இருப்பவர்கள் ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். அணையில் ஓர் அளவுகோல் நிற்கிறது. அதனால் ஓர் இரவு முன்னதாகவே நமக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது.

மாணவ நண்பர்களே, இதே திருவட்டாற்றிலிருந்து நேர் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் கடலோரமாக மண்டைக்காடு இருக்கிறது. அங்குள்ள பகவதி அம்மன் கோயிலின் மாசித் திருவிழா பெரும் கூட்டம் சேரும் விழா. 1982 மார்ச் 1ஆம் நாள், அந்த விழாவின்போது இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் மீனவர் 6 பேர் இறந்தனர். அதன்பின் சில நாட்கள் கலவரம் ஊர்விட்டு ஊர் தாவியது. நேற்றுவரை ஒரே சந்தையில் மீன் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் கண்டு அஞ்சினார்கள். குன்றக்குடி அடிகளார் வந்து, மீனவர் ஊர்களுக்குள்ளும் சென்று அமைதிப் பணி செய்தார். நீதிபதி பி. வேணுகோபால் தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்; அந்த நாட்களைப் பற்றி அவர்கள் மெதுவான குரலில்தான் பேசுவார்கள்.

பேச்சிப்பாறையில் நிற்கும் அளவுகோலைப்போல, அந்த ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே நம் இளைஞர்களின் மனத்தில் ஓர் அளவுகோலை நட்டிருக்க முடியுமா? "நீர்மட்டம் ஏறிவிட்டது" என்று ஒரு நாள் முன்னதாகவாவது யாராவது சொல்லியிருக்க முடியுமா?

நான் இயற்பியல் கற்பிப்பவன். நீளம், நிறை, காலம் இவற்றோடு பழகியவன். மனத்தை அளப்பதாவது என்று ஒரு காலத்தில் சிரித்ததுண்டு. ஆனால் இந்தத் துறையினர் கையாளும் முறைகளைப் படிக்கப் படிக்க, அவர்கள் சந்திக்கும் சங்கடங்கள் பலவும் நம் ஆய்வுக்கூடத்துச் சங்கடங்களே என்று தெரிந்தது. அவற்றைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஐந்து கட்டங்கள்

மனப்பான்மையையும் அளக்கலாம் என்று 1928இல் துணிந்து எழுதியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தர்ஸ்டன். 1932இல் லிக்கர்ட் என்பவர் அதை மேலும் எளிதாக்கினார். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதற்கு எதிரே ஐந்து கட்டங்கள் போடுவது அவர் முறை. 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' என்பதுவரை. விடைக்கு 5 முதல் 1 வரை மதிப்பெண். இத்தகைய பல வாக்கியங்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் ஒருவருடைய மனப்பான்மைக்கு ஓர் எண் கிடைக்கிறது.

வன்முறையைப் பற்றி இளைஞரிடம் கேட்பதானால் வாக்கியம் எப்படி இருக்கும்? "வன்முறை தவறு" என்று எழுதிக் கொடுத்தால் எல்லோரும் ஆம் என்பார்கள். அதனால் பயன் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் ஊர்க்காரன் ஒருவனை வேற்றூர்க்காரன் அடித்தால், அந்த ஊர்க்காரன் யாரையாவது திருப்பி அடிப்பது நியாயம்தான்." இப்போது பேனா சற்றுத் தயங்கும். அடித்தவன் ஒருவன், அடிபடப்போகிறவன் வேறொருவன் என்பதைக் கவனித்தீர்களா? கலவரத்தின் கணக்கு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் இது புதிய முயற்சியன்று. பிரிவினையின் காயம் ஆறாத 1950ஆம் ஆண்டில், இந்திய அரசின் வேண்டுகோளின்பேரில் யுனெஸ்கோ நிறுவனம் கார்டனர் மர்ஃபி என்ற அமெரிக்க உளவியல் அறிஞரை இங்கே அனுப்பியது. அவரோடு இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து பல நகரங்களில் மக்களைப் பேட்டி கண்டார்கள். அலிகாரில் பார்ஸ் ராம் என்பவர் தலைமையில் ஆய்வு நடந்தது. மர்ஃபியின் நூல் 1953இல் வெளிவந்தது. அலிகாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் அது மீண்டும் வரும்.

சொல் வேறு, செயல் வேறு

தேநீர்க் குவளையில் வெப்பமானியை விட்டால், வெப்பமானியும் கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் படிப்பது, அளப்பதற்கு முன்பிருந்த வெப்பநிலையை அன்று. கேள்வி கேட்பதும் அப்படித்தான். கேட்பவர் முகத்தைப் பார்த்து விடை மாறுகிறது. ஆசிரியர் கேட்டால் பையன் சாதுவாகி விடுகிறான். அதே பையன் நண்பர்கள் சூழ இருக்கும்போது "வெட்டிப்போடுவேன்" என்று வீரம் பேசுகிறான். இரண்டில் எது உண்மையான அளவு?

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லாப்பியர் என்ற சமூகவியலார் ஒரு சீனத் தம்பதியோடு நாடெங்கும் காரில் பயணம் செய்தார். சீனர்மேல் அந்நாட்டில் வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குச் சென்றார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து அந்த இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, "சீனர் வந்தால் இடம் கொடுப்பீர்களா?" என்று கேட்டார். பதில் எழுதியவை 128 நிறுவனங்கள். அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் "மாட்டோம்" என்று எழுதின! காகிதத்தில் கடுமை, வாசலில் மரியாதை.

1934இல் இது அச்சில் வந்தபோது, வினாத்தாளை நம்பியிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் நின்று வரவேற்றவரும் ஒரே ஆளாக இல்லாமல் இருக்கலாம் என்ற குறையும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. அது சரியான குறைதான். என்றாலும் ஒரு பாடம் நின்றுவிட்டது. "அடிப்பேன்" என்று தாளில் எழுதிய இளைஞனை அடிப்பவன் என்று முடிவு கட்டக் கூடாது. "மாட்டேன்" என்று எழுதியவனை நம்பிவிடவும் கூடாது.

பூவா, தலையா?

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் வரும் பொய்யை நீக்க ஓர் அழகான வழி உண்டு. அதைக் கண்டுபிடிக்க உளவியல்கூடத் தேவைப்படவில்லை. நீங்கள் படிக்கும் நிகழ்தகவுக் கணக்கே போதுமானதாக இருந்தது. 1965இல் வார்னர் என்பவர் இதை வெளியிட்டார். அவர் சுழலும் முள் ஒன்றைப் பயன்படுத்தினார். நாம் நாணயத்தைக் கொண்டே, பின்னால் வந்த எளிய வடிவத்தைப் பார்ப்போம்.

நூறு இளைஞர்கள் இருக்கிறார்கள். கேள்வி: "சண்டைக்குப் போக நீ எப்போதாவது ஆயுதம் எடுத்ததுண்டா?" ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவாயினும் "ஆம்" என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்போது ஒருவன் தாளில் "ஆம்" என்று இருந்தால் அவன் ஆயுதம் எடுத்தவன் என்று பொருளா? இல்லை, அவனுக்குத் தலை விழுந்திருக்கலாம். போலீசாரோ, தலைமையாசிரியரோ, அவன் தந்தையோ அந்தத் தாளைப் பார்த்தாலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பயம் குறைகிறது.

ஆனால் கூட்டமாகப் பார்க்கும்போது உண்மை வெளியே வந்துவிடுகிறது. நூற்றில் ஏறக்குறைய 50 பேருக்குத் தலை விழும். அவர்கள் எல்லோரும் "ஆம்". மொத்தம் 65 "ஆம்" வந்ததாக வைத்துக்கொள்வோம். எஞ்சிய 15, பூ விழுந்த 50 பேரிடமிருந்து வந்தவை. 50இல் 15 என்றால் 30 சதவீதம். யார் என்று தெரியாது; எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டது.

இதற்கு ஒரு விலை உண்டு. நூறு நாணயங்களில் சரியாக 50 தலை விழுவது அபூர்வம். 45 விழலாம், 55 விழலாம். அதனால் நமது 30 சதவீதம் உண்மையில் 20 ஆகவோ 40 ஆகவோகூட இருக்கலாம். பத்தாயிரம் பேரைக் கேட்டால் இந்தப் பிழை 10இலிருந்து 1 சதவீத அளவுக்குக் குறையும். பிழை பத்தில் ஒன்றாகக் குறைய, ஆட்கள் நூறு மடங்கு வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஏன் பலமுறை எடுக்கச் சொல்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

நூறு பேரும் ஓர் அரைச் செங்கல்லும்

சரி, எல்லாத் தடைகளையும் தாண்டி ஒவ்வொருவர் மனத்தையும் பிழையின்றி அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது கலவரம் வருமா வராதா என்று சொல்லிவிடலாமா? இந்தத் துறையில் நான் படித்தவற்றிலேயே என்னை மிகவும் உலுக்கிய விடை இதுதான்.

1978இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலார் ஒரு கணக்குப் போட்டார். அதை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறேன். ஒரு சந்தையில் நூறு இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். ஏதோ வதந்தி வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஒரு வரம்பு உண்டு. 'எத்தனை பேர் கல்லெடுத்தால் நானும் எடுப்பேன்' என்பதே அந்த வரம்பு. முதல் ஆளுக்கு அது 0. யாரும் இல்லாமலே எறிவான். இரண்டாமவனுக்கு 1, ஒருவன் எறிந்ததைப் பார்த்தால் தானும் எறிவான். மூன்றாமவனுக்கு 2. இப்படியே நூறாவது ஆளுக்கு 99. இந்த நூறாவது ஆள் மிகவும் சாது. ஊரே எறிந்தால்தான் அவனும் எறிவான்.

என்ன நடக்கும்? முதல் ஆள் ஓர் அரைச் செங்கல்லை எடுத்துக் கடைக் கண்ணாடியில் எறிகிறான். அதைக் கண்டு இரண்டாமவன், இருவரைக் கண்டு மூன்றாமவன். சில நிமிடங்களில் நூறு பேரும் கலவரக்காரர்கள்.

இப்போது பக்கத்து ஊர்ச் சந்தைக்கு வாருங்கள். அங்கும் அதே நூறு பேர், அதே வரம்புகள். ஒரே ஒரு வேறுபாடு: இரண்டாமவனின் வரம்பு 1 அன்று, 2. முதல் ஆள் கல்லை எறிகிறான். எல்லோரும் பார்க்கிறார்கள். வரம்பு 2 உள்ளவர்கள் இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் வரவே இல்லை. கடைக்காரர் கூச்சல் போடுகிறார். எறிந்தவனைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் செய்தி எப்படி இருக்கும்? முதல் ஊர் 'கொதிக்கும் ஊர்', அங்குள்ள இளைஞர்கள் வெறியர்கள். இரண்டாவது ஊரில் 'குடிபோதையில் ஒருவர் கல்லெறிந்தார்'. ஆனால் நூறு பேருடைய வரம்புகளின் சராசரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் ஊரில் 49.5, இரண்டாவதில் 49.51. எந்த வினாத்தாளாலும் இந்த வேறுபாட்டைக் காண முடியாது.

அணுக்கருத் தொடர்வினை படித்த உங்களுக்கு இது அறிமுகமானதாகத் தோன்றலாம். ஒரு நியூட்ரான் அடுத்த கருவைப் பிளக்குமா, பிளக்காமல் தப்பிப் போகுமா என்பதைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகும் அந்த நிலை. ஆயினும் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. யுரேனியக் கரு பக்கத்துக் கருவை எண்ணிப் பார்ப்பதில்லை. மனிதன் எண்ணுகிறான்; அதுவும் 'நம்மவர் எத்தனை பேர்' என்று எண்ணுகிறான்.

தென் மாவட்டப் பள்ளிகளில் சில மாணவர்கள் கையில் கட்டிவரும் வண்ணக் கயிற்றை நான் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்கிறேன். சாதிக்கொரு நிறம். பார்வைக்கு வெறும் நூல்தான். ஆனால் கூட்டத்தில் 'நம்மவரை' ஒரே பார்வையில் எண்ணிவிட அது உதவுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பிளஸ் டூ மாணவர் ஒருவரைச் சாதிப் பகையால் அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவருடைய தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. கயிற்றை அறுத்தால் சாதி போய்விடுமா என்று கேலி செய்பவர்கள் உண்டு. போகாதுதான். ஆனால் எண்ணுவது கடினமாகும். சிலருடைய வரம்பு 1இலிருந்து 2 ஆகும். மேலே பார்த்தோமே, அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்று!

யார் யாரோடு விளையாடுகிறார்கள்?

இனி அலிகாருக்குத் திரும்புவோம். அரசியல் அறிஞர் அசுதோஷ் வர்ஷனே, 2002இல் வெளியான தம் நூலில் அலிகாரையும் கேரளத்துக் கோழிக்கோட்டையும் இணையாக நிறுத்தினார். இரண்டு ஊர்களிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் வாழ்கிறார்கள். அலிகார் மீண்டும் மீண்டும் கலவரம் கண்ட ஊர், கோழிக்கோடு அப்படியன்று. காரணம் என்ன? வாழ்க்கையின் சின்னச் சின்ன செய்திகளை அவர் கேட்டார். உங்கள் பிள்ளைகள் அடுத்த மதத்துப் பிள்ளைகளோடு விளையாடுகிறார்களா? கோழிக்கோட்டில் 90 சதவீதம் குடும்பங்கள் ஆம் என்றன. அலிகாரில் 42 சதவீதம். அதைவிட முக்கியமானதாக அவர் கருதியது சங்கங்களை. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், படிப்பகம் என்று இரு மதத்தாரும் சேர்ந்து உட்காரும் அமைப்புகள் கோழிக்கோட்டில் நிறைய இருந்தன. வதந்தி வந்தால் உடனே கேட்டுச் சரிபார்க்க எதிர்த்தரப்பில் தெரிந்த ஓர் ஆள் இருந்தார். இரண்டும் ஒன்றாகக் காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது உண்மையே. அமைதி இருப்பதால் சேர்ந்து விளையாடுகிறார்களோ என்னவோ!

அந்த ஐயத்தைத் தீர்க்கச் சோதனை வேண்டும். சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஈராக்கில் அதைச் செய்தார். பயங்கரவாதிகளால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்துக் குழுக்களை எடுத்துக்கொண்டார். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், சில குழுக்களுக்கு முஸ்லிம் ஆட்டக்காரர்களையும், சில குழுக்களுக்குக் கிறிஸ்தவ ஆட்டக்காரர்களையும் கூடுதலாகச் சேர்த்தார். போட்டிகள் முடிந்தபின் "அவர்களைப் பிடிக்கிறதா?" என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். லாப்பியரின் பாடம் மறக்கப்படவில்லை!

கலந்து ஆடியவர்கள், வேறு குழுவிலிருந்த முஸ்லிம் ஆட்டக்காரருக்கும் நல்லாட்டப் பரிசுக்கு வாக்களித்தார்கள். அடுத்த பருவத்திலும் கலப்புக் குழுவில் சேரப் பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் மிகுந்த மோசூல் நகரத்து உணவகம் ஒன்றுக்குச் சலுகைச் சீட்டுக் கொடுத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் போகவில்லை. மைதானத்தில் கிடைத்த நட்பு மைதானத்தின் எல்லைக் கோட்டோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. 2020இல் வெளிவந்த இந்த முடிவை அவர் பூசி மெழுகாமல் அப்படியே எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் கால்பந்து என்றால் உயிர். மலையடிவாரத்துப் பிள்ளைகளும் கடலோரத்துப் பிள்ளைகளும் ஒரே குழுவில் ஆடினால் என்ன ஆகும் என்பதை யாராவது இங்கே செய்து பார்க்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இத்தகைய மாவட்டத்தில் ஆய்வு செய்ய வருபவர் ஊர்ப் பெயரை அச்சில் போடலாமா என்பதே ஒரு பெரிய கேள்வி. 'இந்த ஊர் இளைஞரில் இத்தனை பேர் வன்முறையை ஏற்கிறார்கள்' என்று ஒரு வரி வந்துவிட்டால், அந்த ஊர்ப் பையனுக்கு வேலை கொடுப்பவர் யோசிப்பார். பக்கத்து ஊரார் தம் வரம்பைக் குறைத்துக்கொள்வார்கள். அளவுகோலே ஆற்றில் அலையை எழுப்பிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் பெயரையும் ஊரையும் மறைக்கிறார்கள். சிறுவர்களிடம் கேட்பதற்கு முன் அவர்கள் சம்மதத்தையும் பெற்றோர் சம்மதத்தையும் வாங்குகிறார்கள்.

நாணய முறையை நீங்களே வகுப்பில் செய்து பார்க்கலாம். சண்டையைப் பற்றிய கேள்வி வேண்டாம். "போன மாதம் வீட்டுப்பாடத்தைப் பிறரைப் பார்த்து எழுதினேன்" என்பது போதும். ஐம்பது பேர் இருந்தால் 25 தலை என்று வைத்துக் கணக்கிடுங்கள். பிழை அதிகமாகத்தான் வரும். ஒரு வாரம் கழித்து மீண்டும் சுண்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். நாணயத்தை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் பெயரோ பதிவெண்ணோ வேண்டாம். எண்ணி முடிக்கும்வரை ஆசிரியரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.